குடை நேரம்

எதிர்வீட்டு வேனின் கூரையில் தினமும் பகல் பன்னிரண்டரைக்கு ஒருத்தர் ஏறிப் படுக்கிறார், ஒரு மணிக்கு இறங்கிவிடுகிறார், அவர் செத்து ஏழு மாதம் ஆகிறது என்று நான் சொன்னபோது தெருவில் ஒருவரும் திடுக்கிடவில்லை. சொன்னது நான் என்பதுதான் காரணம். பஞ்சர் கடையில் உட்கார்ந்து நாற்பது வருஷமாகப் புளுகுகிறவன் பேச்சு பொழுது விடிந்தால் போச்சு என்பது தெருவின் தீர்ப்பு. ஒரு லாரி ட்யூபைப் பிரித்தபோது உள்ளேயிருந்து போன மழைக்காலத்துக் காற்று வந்து கடை முழுக்கச் சிலுசிலுத்தது என்று சொன்னவன் நான். என் இடுக்கியைக் கண்டதும் ஆணி தானாகவே டயரை விட்டு வெளியே வந்து கும்பிட்டது என்று சொன்னவனும் நான்தான். அந்த வரிசையில் இதையும் சேர்த்துவிட்டார்கள்.

நம்பினவள் ஒருத்தி உண்டு. எனக்கே அதைச் சொன்னவள் அவள். வேன்காரம்மா. செத்தவரின் மனைவி.

வேன், மருந்து வேன். தடுப்பூசியும் இன்சுலினும் கிடங்கிலிருந்து சின்னச் சின்ன சுகாதார நிலையங்களுக்குப் போக வேண்டும். போகிற வழியெல்லாம் இரண்டு டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது, எட்டுக்கு மேலே ஏறக் கூடாது. பெற்ற பிள்ளையைக்கூட இவ்வளவு பதம் பார்த்து யாரும் வளர்ப்பதில்லை. வேனுக்குள் ஒரு குளிர்பெட்டி, கூரையில் மூன்று சோலார் தகடு, ஓட்டுகிற இருக்கைக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டி. குளிர்பெட்டி அந்தத் தகரப் பெட்டி சொன்னபடி கேட்கும். தகரப் பெட்டி அதைச் செய்தவர் சொன்னபடி கேட்கும்.

செய்தவர் அவள் புருஷன். வெயில்காரர் என்றுதான் தெருவில் பேர். வெயிலைப் பற்றியே பேசுவார். மழை நாளில் அவரிடம் பேச விஷயமே இருக்காது. தகட்டில் வெயில் பட்டால் கரண்ட் வந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். வரும், ஆனால் கறக்கத் தெரிய வேண்டும் என்பார். அதிகமாக இழுத்தால் வோல்ட் சரிந்து விழும். இழுக்காமல் விட்டால் வோல்ட் நிற்கும், ஓட்டம் இருக்காது. இரண்டும் சேர்ந்து நிறையக் கொடுக்கிற இடம் ஒன்றே ஒன்று. அந்த இடமும் நின்ற இடத்தில் நிற்காது. மேகம் வந்தால் நகரும், தகடு சூடேறினால் நகரும், வண்டி ஒரு வளைவு திரும்பினால் நகரும். வீட்டு மாடியில் இருக்கிற தகடு கட்டின மாடு என்றால் வண்டிமேல் இருக்கிறது ஓடுகிற மாடு. ஓட ஓடக் கறக்க வேண்டும்.

அதனால் பெட்டி ஓயாமல் தேடிக்கொண்டே இருக்கும். ஒரு அடி முன்னே வைத்துப் பார்க்கும். கூடுதலாகக் கிடைத்தால் இன்னொரு அடி. குறைந்தால் பின்னால் வரும். இருட்டில் மலை ஏறுகிறவன் காலால் தடவித் தடவி உச்சியைக் கண்டுபிடிக்கிற மாதிரி, நொடிக்கு நூறு தடவை. அதற்கு அவர் வைத்த பேர் தேடி. "தேடி இன்னைக்கு நல்லா ஏறுது பெரியப்பா" என்பார் என்னிடம், பிள்ளை பரீட்சையில் தேறின மாதிரி. அவருக்குப் பிள்ளை இல்லை.

அந்தத் தேடிக்கு ஆகாதது ஒன்றுதான்: நிழல். மூன்று தகடும் ஒரே வரியில் கோத்தவை. ஒன்றின்மேல் நிழல் விழுந்தால் பெரிய மலைக்குப் பக்கத்தில் பொய்யாக ஒரு குன்று முளைத்துவிடும். தேடி இங்கே ஓடும், அங்கே ஓடும், குளிர்பெட்டி மோட்டார் திக்கித் திக்கி நிற்கும். ஒரு காக்கை எச்சமிட்டால்கூட ஏணி வைத்து ஏறித் துடைப்பார். காக்கைக்கு அவரைக் கண்டாலே வயிறு கட்டிவிடும் என்று நான் சொல்வதுண்டு.

இத்தனையும் தெரிந்த மனுஷன், தினமும் ஒரு குடையை விரித்துத் தானே அந்தத் தகட்டில் நிழல் போட்டார். அப்போது வேன் காலை நடை மட்டும் போய்ப் பன்னிரண்டுக்குள் திரும்பிவிடும். குளிர்பெட்டி காலி. சாப்பிட்டதும் கொட்டகை வாசலில் நிற்கிற வண்டிமேல் ஏறுவார். தரையில் இல்லாத காற்று அந்த நேரத்தில் மேலே இருக்கும். மூன்றாம் தகட்டுக்குப் பின்னால் சாமான் கட்டுகிற பலகை. அதில் மல்லாந்து படுத்து, பெரிய கறுப்புக் குடையின் பிடியை வயிற்றில் ஊன்றிக்கொள்வார். மில் சங்கு ஒரு மணிக்கு ஊதினால் இறங்குவார். அவர் மூச்சுக்குக் குடை ஏறும், இறங்கும். என் கடையிலிருந்து பார்த்தால் ஒரு பெரிய கறுப்புப் பறவை கூரையில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிற மாதிரி இருக்கும்.

வேன்காரம்மா கீழே நின்று தினமும் ஒரு பாட்டம் திட்டுவாள். ஊருக்கெல்லாம் நிழல் ஆகாதென்று பாடம் நடத்துகிறவர் தான் மட்டும் குடை பிடித்துப் படுக்கிறார் பாருங்கள் என்று என்னைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிடுவாள். அவர் வாயைத் திறக்க மாட்டார். குடைக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும் எழும்பி, சரி சரி என்று ஆட்டிவிட்டு உள்ளே போகும். ஆமை தலை நீட்டுகிற மாதிரி. அதைக் கண்டால் அவளுக்கு இன்னும் கோபம் வரும், எனக்குச் சிரிப்பு வரும்.

அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. பீப்பாயை நகர்த்த ஆள் வேண்டும். இரண்டு தடவை கூப்பிட்டாளாம். மூன்றாம் தடவை ஈரக் கையோடு வாசலுக்கு வந்து, தெருவே கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"வர வேணாம். இனிமே இறங்கவே வேணாம். அங்கேயே கிட."

சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பீப்பாயைத் தானே நகர்த்தினாள். சங்கு நேரம் தாண்டியும் அவர் இறங்கவில்லை. கோபித்துக்கொண்டார் என்று விட்டுவிட்டாள். ஒன்றே முக்காலுக்கு அவருடைய அக்கா வந்து என்னைக் கூப்பிட்டாள். ஏணியில் ஏறினது நான்தான். குடை சாய்ந்து நின்றது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

நெஞ்சு நின்றுவிட்டது, தூக்கத்திலேயே போயிருப்பார் என்றார் டாக்டர்.

அப்புறம் அவளே வேனை எடுத்தாள். ஓட்டத் தெரியும், மூன்று வருஷம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அவருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான். காலை நடை மட்டும் போதாதென்று மலைப்பக்கத்து நிலையங்களையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். இப்போது பன்னிரண்டரைக்கு வேன் கொட்டகையில் இல்லை. பெட்டி நிறைய மருந்தோடு மலைப் பாதையில் ஏறிக்கொண்டிருக்கும். வெயில் உச்சியில் இருக்கிற அந்த நேரம்தான் குளிர்பெட்டியும் உயிரைக் கொடுத்து உழைக்கிற நேரம்.

முதல் வாரமே பார்த்துவிட்டாள். சரியாகப் பன்னிரண்டரைக்குத் தகரப் பெட்டியின் விசிறிச் சத்தம் ஒரு படி இறங்கும். முன்னால் இருக்கிற மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும். ஒரு மணிக்குத் திரும்பி வந்துவிடும். மூன்றாம் தகட்டின்மேல் யாரோ குடை விரித்தால் எவ்வளவு குறையுமோ அவ்வளவு. அவள் வண்டியை நிறுத்தி ஏறியும் பார்த்திருக்கிறாள். பலகை சுட்டது. வேறொன்றும் இல்லை.

இதைப் போய் நாத்தனாரிடம் சொன்னாள். வெயில்காரரின் அக்கா நாக்கில் நரம்பில்லாதவள். ஆனால் உள்ளுக்குள் பஞ்சு. தம்பி செத்ததிலிருந்து அவன் தட்டில் இவள் சாப்பிடுகிறாள், வேறு யாரையும் தொடவிடுவதில்லை. வேடிக்கையாகச் சொல்வதாக நினைத்துச் சொன்னாள்:

"உயிரோட இருந்தப்ப ஒரு நாளாவது உன் பேச்சைக் கேட்டானா? இப்பக் கேக்குறான் பாரு."

அன்றைக்கு வேன்காரம்மா சோற்றில் கை வைக்கவில்லை.

கொழுந்தன் ஒருத்தன் இருக்கிறான், வெயில்காரரின் தம்பி, இன்வர்ட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். வயரை மாற்றினான். விசிறியை மாற்றினான். மூன்றாம் தகட்டையே கழற்றிப் புதிது போட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை வெட்டவெளியில் நிறுத்தி, கையில் மீட்டரோடு அவனே காத்திருந்தான். மேகம் இல்லை, மரம் இல்லை, ஒரு காக்கைகூட இல்லை. பன்னிரண்டரைக்கு முள் சரிந்தது. தகட்டின்மேல் கையை வைத்து, கண் தெரியாதவன் மாதிரித் துழாவினான். அப்புறம் இறங்கி வந்து என் கடையில் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தான். வண்டியில் தப்பு இல்லை, பெட்டியில்தான் தப்பு, தூக்கிப் போட்டுவிட்டுக் கடைப் பெட்டி ஒன்று வாங்கி மாட்டலாம் என்றான்.

அதுதான் நடக்கவில்லை. பெட்டியின் மூடியைச் சுற்றித் தண்ணீர் புகாமல் இருக்க அவர் தடவின பசை இருந்தது. கடைசி மூலையில் பெருவிரலால் அழுத்தி முடித்திருந்தார். ரேகை வரி வரியாக அப்படியே பதிந்திருந்தது. தினமும் வண்டி எடுக்கும்முன் முந்தானையால் அதை ஒரு தரம் துடைப்பாள். அதைக் கிழிக்காமல் பெட்டியைத் திறக்க முடியாது. திறக்க விடமாட்டேன் என்றாள்.

ஒரு நாள் காலையில் என்னிடம் வந்து பின் டயரில் காற்று மெதுவாக இறங்குகிறது, வழியில் ஏதாவது ஆனால் என்ன செய்வது, கூட வாருங்கள் என்றாள். டயரில் ஒன்றும் இல்லை என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கடையைச் சாத்திவிட்டு ஏறினேன்.

பன்னிரண்டரை வரைக்கும் நன்றாகப் பேசிக்கொண்டு வந்தாள். முன்னொரு காலத்தில் இதே மலையில் பிரேக் இல்லாத பேருந்தை நான் வாயால் ஊதி நிறுத்தின கதையைச் சொன்னேன். சிரித்தாள். அப்போது விசிறிச் சத்தம் இறங்கிற்று. பாடிக்கொண்டே இருக்கிறவன் யாரோ வருவதைக் கண்டு குரலைத் தாழ்த்துகிற மாதிரி. அவள் சிரிப்பு நின்றது. கை கியருக்குப் போயிற்று. வண்டி நடை வேகத்துக்கு வந்துவிட்டது. பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரனை அடித்து அடித்து ஓய்ந்து, முந்திப் போகும்போது எங்கள் வம்சத்தையே விசாரித்துவிட்டுப் போனான்.

"ஏம்மா இவ்வளவு மெதுவா?"

"வளைவு பெரியப்பா."

"வளைவெல்லாம் முடிஞ்சு நேரா இருக்கே ரோடு."

அவள் பாதையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அந்தப் பலகைக்குக் கம்பி கிடையாது பெரியப்பா. தூங்குற மனுஷன். உருண்டுட்டார்னா?"

நான் எல்லாவற்றுக்கும் சிரிக்கிறவன். நிமிர்ந்து கூரையைப் பார்த்தேன். பின்பக்கத்தில் ஒரு ஆள் நீளத்துக்குத் தகரம் லேசாக உள்வாங்கியிருந்தது. எப்போதும் அப்படித்தான் இருந்ததோ என்னவோ. கொஞ்சம் கழித்துப் பார்த்தால் நான் கால்மேல் கால் போடாமல், மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

குளிர்பெட்டியின் எண் ஏறிக்கொண்டே வந்தது. ஆறரை. ஏழு. ஏழரை. எட்டைத் தாண்டினதும் கீச்சென்று கத்திற்று. அவள் அதைத் தட்டி அமர்த்தினாள். "நான் சொன்னதுனாலதான்" என்றாள். எதைச் சொன்னதனால் என்று நான் கேட்கவில்லை. தெருவே கேட்ட வார்த்தை அது.

அன்றைக்கு மேல் நிலையத்தில் பதினாறு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் காத்திருந்தார்கள். செவிலியர் குளிர்பெட்டியின் டிகிரிப் பதிவுச் சீட்டைப் பார்த்துவிட்டு, ஊசி எதையும் போட முடியாது, அடுத்த வாரம் வாருங்கள் என்றார். ஒருத்தி ஆறு மைல் நடந்து வந்தவள். குழந்தையின் கையில் ஊசி போடுவதற்காகத் துடைத்த பஞ்சு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் பஞ்சை எடுத்துக் கீழே போட்டுவிட்டு நடந்தாள். வேன்காரம்மா அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கிடங்கு மேடம் கெட்டவள் இல்லை. இது இரண்டாவது எச்சரிக்கை, மூன்றாவது தடவை எட்டைத் தாண்டினால் நடையை வேறு வண்டிக்குக் கொடுத்துவிட வேண்டும், என் கையில் இல்லை என்றாளாம். இவள் கூரைமேல் இருக்கிறவரைப் பற்றியும் வாய் தவறிச் சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது. மேடம் கொஞ்ச நேரம் பேனாவை மூடி மூடித் திறந்துவிட்டு, "ஊசி அவருக்குப் போடுறதில்லைம்மா. குழந்தைக்குப் போடுறது" என்றாளாம்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறக்கச் சம்மதித்தாள். கொட்டகையில் நாங்கள் நாலு பேர். கொழுந்தன் மடிக்கணினியோடு, நாத்தனார் முறத்தோடு, நான் சும்மா. கொழுந்தன் பிளேடை எடுத்ததும் வேன்காரம்மா கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். பசையை மூன்று பக்கம் கீறினாள். நாலாவது மூலைக்கு வந்ததும் ரேகையைச் சுற்றி வட்டமாக வெட்டினாள். பொத்தான் அளவுக்கு அது தனியாகப் பெயர்ந்து வந்தது. மாத்திரை டப்பா ஒன்றில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு, "இப்பத் திற" என்றாள்.

கொழுந்தன் வயரை மாட்டினான். பெட்டிக்குள் வெயில்காரர் எழுதி வைத்த கட்டளைகள் திரையில் வரி வரியாக வந்தன. பக்கத்தில் தனக்குப் புரிவதற்காக அங்கங்கே தமிழில் குறிப்பு எழுதி வைத்திருந்தார். கொழுந்தன் படித்துக்கொண்டே போனான். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"பன்னிரண்டரை முதல் ஒன்று வரை," என்று வாசித்தான். "குடை நேரம். தேடாதே. ரெண்டு தகடு போதும்."

அவன்தான் முதலில் சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான்.

"குடை நிழல்ல பெட்டி திணறியிருக்கு அண்ணி. அண்ணன் எழுந்து தள்ளிப் படுக்கல. பெட்டியைத் தள்ளி உக்காரச் சொல்லியிருக்காரு. அப்ப வண்டி காலி, ஒண்ணும் தெரியல. இப்பவும் அது அவர் சொன்னபடியே அரை மணி நேரம் தேடாம உக்காந்திருக்கு."

"சின்ன வயசுலயே அப்படித்தான்" என்றாள் நாத்தனார். "பாய்ல எறும்பு வந்தா பாயை உதறமாட்டான். எறும்புக்கு வழி விட்டுச் சுருண்டு படுப்பான்."

வேன்காரம்மா சிரிக்கவில்லை. "அப்ப அவர் மேல இல்லையா?"

"இல்ல அண்ணி. பெட்டி அவருக்கு இடம் விட்டு வச்சிருக்கு. அவ்வளவுதான்."

அவள் முகத்தில் நிம்மதியைத்தான் எதிர்பார்த்தோம். வரவில்லை. அவர் மேலே இல்லை என்றால், கடைசியாகக் கேட்ட வார்த்தையோடு அப்படியே போய்விட்டார் என்றுதானே அர்த்தம். இத்தனை நாள் மெதுவாக ஓட்டி ஓட்டியாவது ஏதோ ஒன்றைத் திருப்பித் தந்துகொண்டிருந்தாள். இப்போது அதுவும் இல்லை.

கொழுந்தனுக்கு அது புரிந்ததா, இல்லை கை பாட்டுக்குப் போயிற்றா, தெரியவில்லை. இந்தப் பெட்டி ஒவ்வொரு தகட்டையும் நொடிக்கு நொடி எழுதி வைக்கும், ஒரு வருஷத்துக்குச் சேர்த்து வைத்திருக்கும் என்றான். அந்த நாளை எடுத்தான்.

மூன்றாம் தகட்டின் கோடு. பன்னிரண்டு முப்பத்துநாலு வரை மேலே நேராக வந்தது, அப்புறம் தொப்பென்று கீழே விழுந்தது. குடை விரித்த நேரம். விழுந்த கோடு நேராகப் போகவில்லை. சின்னச் சின்ன அலையாக ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போயிற்று. கொழுந்தன் பெரிதாக்கினான். நிமிஷத்துக்குப் பதினைந்து அலை.

"காத்துல குடை ஆடுதா?" என்றாள் நாத்தனார்.

"காத்து இவ்வளவு ஒழுங்கா அடிக்காது" என்றான் அவன்.

வேன்காரம்மா கிட்டே வந்து திரையில் விரலை வைத்தாள். ஒவ்வொரு அலையாகத் தொட்டுக்கொண்டே போனாள், தூங்குகிறவர் வயிற்றைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. பன்னிரண்டு நாற்பத்தேழில் அலை இரண்டு தடவை பெரிதாக எழும்பிற்று. அப்புறம் கோடு படுத்துவிட்டது. ஒன்றே முக்கால் வரைக்கும், நான் போய்க் குடையை எடுக்கிற வரைக்கும், அப்படியே கிடந்தது.

கோடு படுத்த இடத்தில் விரலை வைத்தபடியே கேட்டாள்: "நான் எத்தனை மணிக்குக் கத்தினேன்?"

நாத்தனார் அடுக்களையில் இருந்தவள். அங்கே கடிகாரம் இல்லை. கொழுந்தன் தன் கடையில் இருந்தவன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"பெரியப்பா. நீங்க எதிர்ல இருந்தீங்க. நான் கத்தினது சங்குக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"பின்னால" என்றேன்.

"நிச்சயமா?"

"சங்கு ஊதுச்சு. சோத்துப் பொட்டலத்தைப் பிரிச்சேன். ரெண்டு வாய் தின்னாச்சு. மூணாவது வாய்க்குத்தான் நீ வாசலுக்கு வந்தே. சங்கு ஊதாம நான் பொட்டலத்தைப் பிரிச்சு இந்தத் தெருவுல யாராவது பார்த்திருக்கியா?"

யாரும் பார்த்ததில்லை. அது தெருவுக்கே தெரிந்த விஷயம். நாற்பது வருஷத்தில் என் பேச்சைச் சிரிக்காமல் ஒருவர் வாங்கிக்கொண்டது அன்றைக்குத்தான். அவள் தரையில் உட்கார்ந்தாள். ஏழு மாதமாக அழாதவள், டயர் வெடித்த மாதிரி அழுதாள். நாத்தனார் முறத்தை வைத்துவிட்டுப் போய்ப் பிடித்துக்கொண்டாள். "கேக்கலடி, அவன் கேக்கவே இல்லடி" என்று முதுகைத் தடவினாள். இரண்டு பேரும் ஒருத்தர் தலையில் ஒருத்தர் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, எடுத்துவிடு என்றாள். கொழுந்தன் அந்தக் கட்டளையை அழித்தான். "குடை நேரம்னு எழுதியிருக்காரே, அந்த ரெண்டு வார்த்தை மட்டும் இருக்கட்டும். பெட்டி அதைப் படிக்காதுல்ல?" என்று கேட்டாள். படிக்காது என்றான். இருக்கட்டும் என்றாள்.

மறுநாள் மலைப் பாதையில் பன்னிரண்டரைக்கு விசிறிச் சத்தம் குறையவில்லை. தேடி தேடிக்கொண்டே ஏறிற்று. குளிர்பெட்டி ஐந்து டிகிரியைத் தாண்டவில்லை. வளைவுகளை அவள் மற்ற வண்டிக்காரர்கள் மாதிரியே எடுத்தாளாம். சாயந்திரம் வந்து, "வண்டி லேசா இருக்கு பெரியப்பா" என்றாள். கொஞ்சம் வருத்தமாகத்தான் சொன்னாள். மூன்றாவது எச்சரிக்கை வரவே இல்லை. மேல் நிலையத்தில் அந்தப் பதினாறு குழந்தைகளும் ஊசி போட்டுக்கொண்டு மலையே அதிர அழுதன என்று கேள்வி.

இனி நான் சொல்லப்போவதை யாரும் நம்ப வேண்டியதில்லை. பழக்கம்தானே.

அவர் செத்த அன்றைக்கு, அந்த நேரத்தில் சங்கு இன்னும் ஊதவில்லை. பொட்டலம் கட்டு அவிழாமல் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் ஒரு சைக்கிள் ட்யூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வாசலுக்கு வந்து அந்த வார்த்தையைச் சொன்னாள். உள்ளே போனாள். நான் நிமிர்ந்தேன், வழக்கமாகச் சிரிக்கலாம் என்று. குடைக்கு அடியிலிருந்து கை எழும்பிற்று.

வழக்கம்போலத்தான். சரி சரி என்று. ஆனால் ஆடவில்லை. ஐந்து விரலும் விரிந்து, அப்படியே நின்றது. ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொள்கிற நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நின்றது. நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். அப்போது தொட்டியில் குமிழி வந்தது. ஓட்டை தப்பிவிடுமே என்று குனிந்து விரலை வைத்துக் குறித்துக்கொண்டேன். மறுபடி நிமிர்ந்தபோது கை இல்லை. குடை இருந்தது. அதற்கப்புறம் சங்கு ஊத ரொம்ப நேரம் ஆயிற்று.

அவளுக்குப் பதில் சொன்ன கையா, என்னைக் கூப்பிட்ட கையா?

இப்போது பகலில் எதிர்க் கொட்டகை காலி. வேன் மலையில் இருக்கும். பன்னிரண்டரை ஆனதும் என் காற்று கம்ப்ரசரின் முள், குழாயை யாரும் தொடாமலே, ஒரு மயிரிழை இறங்குகிறது. ஏறுகிறது. இறங்குகிறது. எண்ணிப் பார்த்தேன். நிமிஷத்துக்குப் பதினைந்து. மெக்கானிக்கைக் கூப்பிட்டால் வால்வு கசிகிறது என்று சொல்லிவிடுவான். அதனால் கூப்பிடவில்லை.

பொட்டலத்தை ஆணியில் விட்டுவிட்டு முள்ளுக்கு எதிரே உட்கார்ந்திருப்பேன். பன்னிரண்டு நாற்பத்தேழு வரும். முள் நிற்காது. சங்கு ஊதும். அப்போதும் நிற்காது. இப்போதெல்லாம் நான் சங்குக்குப் பொட்டலத்தைப் பிரிப்பதில்லை என்று தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. முள் ஆடுகிற வரை நான் கையை உயர்த்திக் காட்டிக்கொண்டிருப்பேன். சரி சரி என்றுதான் காட்டுகிறேன். எதிரே இருந்து பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியுமோ.